பனியன் ஊரில் சமையலறைக் கதவுகள்

திருப்பூருக்குப் போகிறேன் என்றதும் கிள்ளானில் பத்துப் பேர் பனியன் வாங்கி வரச் சொன்னார்கள். அளவுகூடச் சொன்னார்கள். சமையலறை அலமாரிக்குப் பலகை அறுக்கும் இயந்திரத்தைப் பழக்கிக் கொடுக்கத்தான் போகிறேன் என்று விளக்கினால், "அது சரி, வரும்போது நாலு பனியன்" என்றார்கள். எனக்கே அந்தப் பயணம் வேடிக்கையாகத்தான் பட்டது. பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கணினி சொல்கிற இடத்தில் வெட்டி, கணினி சொல்கிற இடத்தில் துளை போடும் இயந்திரங்களை எங்கள் கம்பெனி விற்கிறது, அவற்றில் அலமாரியும் செய்கிறது. பனியன் முதலாளி ஒருவர் அப்படி ஒன்றை எங்களிடம் வாங்கி இரண்டு மாதமாகியும் ஒரு சமையலறைகூட முடித்தபாடில்லை. என்னவென்று பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை இறங்கினேன். அழைத்துப்போக வந்த ஓட்டுநர் செந்தில் முதலில் கேட்டது, "சாப்ட்டீங்களா சார்?" சாப்பிட்டேன் என்றேன். பத்து நிமிடம் கழித்து, "என்னங்க சாப்ட்டீங்க?" என்றார். விமானத்தில் கொடுத்த ரொட்டியைச் சொன்னேன். "அதெல்லாம் சாப்பாடுங்களா" என்று சாலையோரக் கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். நான் இறங்க மறுத்து உட்கார்ந்திருந்தேன். அவர் மட்டும் போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, பல் குத்தியபடி நிதானமாக வந்து வண்டியை எடுத்தார்.

அந்தச் சாலையில் நான் பார்த்த எந்த வாகனமும் சும்மா போகவில்லை. ஒரு மொபெட்டில் ஆளைவிடப் பெரிய துணி மூட்டை. ஒரு வேனில் துணி உருளைகள் கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. ஆனால் ஜன்னலை இறக்கி வழி கேட்டால் மட்டும், "ஏனுங்க, நேராப் போயி லெப்ட்ல ஒடிங்க" என்று தேனொழுகப் பேசுகிறார்கள். மரியாதையை எல்லாம் வாயில் வைத்துக்கொண்டு சாலைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத ஊர்.

முதலாளி பெயர் நாச்சிமுத்து. அறுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பல்லடம் சாலையில் அவருடைய பனியன் கம்பெனி. ஆர்டர் குறைந்துபோனதில் பாதித் தையல் வரிசைகளை மூடிவிட்டு, அந்தக் கொட்டகையில் எங்கள் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். அன்று இரவுச் சாப்பாடு அவர் வீட்டில். இந்தப் பக்கத்துக்கே உரிய பண்டம் என்று அரிசிம்பருப்புச் சாதம் பரிமாறினார்கள். பெயருக்குத் துரோகம் செய்யாமல் அதில் அரிசியும் பருப்பும்தான் இருந்தன. எங்கள் ஊரில் நாசி லெமாக், அதாவது மலாய்க்காரர்களின் தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் நெத்திலி, கடலை, முட்டை, சம்பல் என்று ஒரு பஞ்சாயத்தே கூடியிருக்கும். இதைப் போய் விருந்து என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது முறை நெய் ஊற்றும்போது கையை நீட்டித் தடுக்க மறந்துவிட்டேன்.

"மொதோ சமையலறை என்ற சம்பந்தி ஊட்டுக்குங்க சார்" என்றார் நாச்சிமுத்து. "உடுமலப்பேட்டைல புது ஊடு. வாற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழமை பால் காச்சறாங்க. பொண்ணுக் குடுத்த எடமுங்க. சொதப்பிடக் கூடாதுங்க."

"புதன்கிழமை மாட்டிவிடலாம்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். இங்கே இந்த வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். பழைய மாதிரி அலமாரிக்கு முன்பக்கம் மரச்சட்டம் இருக்கும், பெட்டி கொஞ்சம் கோணலானாலும் சட்டம் மறைத்துவிடும். இப்போதைய மாதிரிக்குச் சட்டம் கிடையாது. வெறும் பெட்டி, அதன் முகத்தை முழுக்க மூடும் கதவு, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இளிக்கும். அதனால்தான் இயந்திரம். எட்டடிப் பலகையை மேசையில் படுக்கவைத்தால் கீழிருந்து காற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கணினி, வெட்ட வேண்டிய துண்டுகளை எல்லாம் பலகை வீணாகாதபடி நெருக்கி அடுக்கிக் கணக்குப் போடும். கத்தி வந்து அறுத்துவிட்டுப் போகும்.

அந்த இயந்திரத்தை இவர்கள் வைத்திருந்த லட்சணம்தான் தாங்கவில்லை. கணினி போடும் அந்த அடுக்குக்கு 'மார்க்கர்' என்று பெயர், பனியனுக்குத் துணி வெட்டும்போது அப்படித்தான் சொல்வார்களாம். அறுத்த துண்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டி 'பண்டில்' என்றார்கள். கதவை 'ஃபிரன்ட்' என்றும் பின்பலகையை 'பேக்' என்றும் சொன்னார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கைப்பிடிக்குக் காலர் என்று பெயர் வைத்திருப்பார்கள்.

இயந்திரத்தை ஓட்டியவர் பிஜய், ஒடிசாக்காரர். அவர் வேலை சுத்தமாக இருந்தது. தாமதம் எங்கே என்று பார்த்தேன். ஜன்னலோரம் நீளமாக ஒரு மேசை, அதில் நான்கு பெண்கள். இயந்திரம் கக்கும் ஒவ்வொரு துண்டும் அந்த மேசைக்குப் போய், திருப்பிப் பார்க்கப்பட்டு, கையால் எண் எழுதிய ஒரு சிறு தாள் ஒட்டப்பட்ட பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. அந்தத் தாளின் பசையை அப்புறம் ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒரு துண்டுக்கு முக்கால் நிமிடம். இயந்திரம் எட்டுத் துண்டு அறுக்கும் நேரத்தில் இவர்கள் இரண்டைத்தான் விட்டார்கள்.

மேசைக்குத் தலைவி பூங்கொடி. முப்பத்தைந்து வயதிருக்கும். மூடப்பட்ட தையல் வரிசையில் செக்கிங் வேலை பார்த்தவர், அதாவது தைத்த பனியனில் குறை தேடுகிறவர். இது என்ன எண் என்று கேட்டேன்.

"லாட் நம்பருங்க சார். எந்தக் கட்டுப் பலகைல அறுத்ததுன்னு தெரியோணுமில்லீங்க."

"தெரிஞ்சு?"

"ஒரு ஊட்டுக்கு ஒரே லாட்டுத்தானுங்க போகோணும். மாறிப் போச்சுன்னா ஷேடு தெரியுமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, இது சாயப்பட்டறையில முக்கி எடுக்கிற துணி இல்ல. தொழிற்சாலையில அச்சடிச்சு வர்ற பலகை. ஐவரி வெள்ளைன்னா எல்லாம் ஒரே ஐவரி வெள்ளைதான்."

"அப்படீங்களா" என்றார் பூங்கொடி.

இந்த ஊரின் 'அப்படீங்களா' என்ற சொல்லை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. ஒத்துக்கொண்டாரா, போடா என்கிறாரா என்று தெரியாது. அவர் பாட்டுக்கு அடுத்த துண்டை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பேச்சை மாற்ற, பனியனை விட்டு இங்கே வந்தது பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. அங்க ஒன்னரை ஷிப்டு, எட்டரை ஆயிருமுங்க. இங்க அஞ்சரைக்கு உட்டர்றாங்க. புள்ள நாலாவது படிக்குது சார். பள்ளிக்கூடம் உட்டு வந்து சித்த நேரத்துல நானும் ஊட்டுக்குப் போயிருவன்."

அன்று சாயங்காலம் நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். எங்கே சிக்கல் என்றார். மேசையைக் காட்டினேன்.

"அந்த டேபிள் வேண்டாமுங்களா?"

"வேண்டாம். மெஷின் தப்புப் பண்ணாது. தப்பே இல்லாத இடத்துல தப்புத் தேட எதுக்கு நாலு பேர்? எங்க ஊர்ல இந்த மேசையே கிடையாது."

"நாலு வருசமா நம்மகிட்ட இருக்கற புள்ளைங்க. அந்தப் பூங்கொடி செக்கிங்ல இருந்தப்ப ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லீங்க."

"அது பனியன்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று எழுந்தார். கணக்குப் பார்த்துக் கொடுத்து நால்வரையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார் என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. தெரிந்தபோதும், உண்மையைச் சொன்னால், ஒரு வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கடைவீதியில் இருந்தது. வாரம் முழுக்கக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டார்கள். தள்ளுவண்டி ஒன்றில் காளான் என்று எழுதியிருந்தது, வாங்கினேன். செக்கச்செவேல் என்ற குழம்பில் கரண்டியை விட்டுத் துழாவினேன். முட்டைக்கோஸ் வந்தது, மாவு வந்தது, வெங்காயம் வந்தது. காளான் எங்கே என்று கடைக்காரரைக் கேட்டேன். "இதுக்குப் பேருதானுங்க காளான்" என்றார். இந்த ஒரு பதிலிலேயே ஊரைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்தேன்.

அங்கேதான் பிஜய் எதிர்ப்பட்டார், கூடவே அவர் ஊர்க்காரர் ஒருவர். அந்த ஆள் என்னைக் காட்டி ஒடியாவில் ஏதோ கேட்டார், பிஜய் பதில் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். என்ன என்றேன். பிஜய் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இப்படி: "இவர் யார்?" "மெஷினுக்கு வாத்தியார்." "மெஷினுக்குத்தான் எல்லாம் தெரியுமே, வாத்தியார் எதற்கு?" நானும் சிரித்து வைத்தேன். மீதிக் காளானை அந்த ஆள் வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை என் நாள். மேசையைச் சுவரோரம் தள்ளி வைத்தாயிற்று. கையில் மூன்று வீட்டு ஆர்டர்கள் இருந்தன, மூன்றும் ஐவரி வெள்ளை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அறுத்தால் ஒவ்வொன்றிலும் பலகை மிஞ்சும். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணினியை அடுக்கச் சொன்னேன். பெரிய கதவுக்குப் பக்கத்து இடைவெளியில் வேறொரு வீட்டின் இழுப்பறை முகம் போய் உட்கார்ந்தது. கழிவு என்று கையில் மிஞ்சியது விறகுக்குக்கூட ஆகாத பட்டைகள்தான். நாச்சிமுத்து வந்து அந்தக் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா" என்றார். நான் தோளைக் குலுக்கினேன். எங்கள் ஊரில் இது அன்றாடம் என்றேன்.

மதியம் ஒரு கட்டுப் பலகை தீர்ந்தது. பிஜய் அடுத்த கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டைத் தொட்டுக் காட்டி, "சார், லாட் வேற" என்றார்.

"நீயுமா? போடு" என்றேன்.

போட்டார்.

செவ்வாய்க்கிழமை ஓரங்களுக்குப் பட்டை ஒட்டி, கீலுக்குத் துளையிட்டு, பெட்டிகளைப் பொருத்தினோம். இரண்டு மாதத்தில் முடியாதது இரண்டு நாளில் முடிந்தது. பெட்டிகள் வரிசையாக நின்ற அழகைப் படம் எடுத்துக் கிள்ளானுக்கு அனுப்பினேன். பரிசோதனை மேசையை எடுத்ததுதான் திருப்புமுனை என்று கூடவே எழுதினேன்.

புதன்கிழமை பெட்டிகளையும் கதவுகளையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றி உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பினோம். செந்தில் ஓட்ட, நான் பக்கத்தில். பல்லடம் தாண்டியதும் சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரம் இருந்தது, அதிலும் காற்று இல்லை. "போன வாரமே பாத்தனுங்க, அடிக்கலாம்னு இருந்தன்" என்றார் செந்தில். ஒரு மணி நேரம் தென்னந்தோப்பு ஓரம் நின்றேன். தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவ்வளவு காற்று ஓடுகிற இடத்தில் ஒரு சக்கரத்துக்குக் காற்று இல்லை.

ஆனாலும் மூன்று மணிக்குள் மாட்டி முடித்துவிட்டோம். ஒரு கதவுகூட உரசவில்லை. இடைவெளிகள் அளந்து வைத்தது மாதிரி. நாச்சிமுத்து வந்தார், ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து விட்டுப் பார்த்து முகம் மலர்ந்தார். அப்போது சம்பந்தியம்மா பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆறு மாதம் முன்பு வரை சொந்தமாகப் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்தியவர் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இது ரெண்டு லாட்டுங்களா?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்றேன். அந்த அம்மா போய் மேற்கு ஜன்னலை விரியத் திறந்தார். மாலை வெயில் கதவுகள்மேல் விழுந்தது.

"இது கொஞ்சம் மஞ்ச காட்டுது. இது காட்டலை. இது மஞ்ச. அந்தக் கீழ் ரெண்டும் மஞ்ச" என்று விரலை நீட்டிக்கொண்டே போனார். நாச்சிமுத்துவுக்கு இருந்தாற்போல் புலப்பட்டுவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"இருக்கலாமுங்க" என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல். "ஆனா திங்கக்கெழமை இங்க வாறவங்க அத்தன பேரும் பனியன்காரங்க. பால் காச்சறதப் பாப்பாங்களா, இதப் பாப்பாங்களா?"

திரும்பும்போது ஆட்டோவில் கதவுகள் மறுபடி பின்னால் இருந்தன. நாச்சிமுத்து காரில் என்னை ஏற்றிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. பூங்கொடிக்குத் தொலைபேசி போட்டார், நான் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நடந்ததைச் சொல்லி, நாளைக்கே வேலைக்கு வந்துவிடு கண்ணு என்றார்.

"வரலீங்க அண்ணா" என்றது அந்தப் பக்கக் குரல். "அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனில திங்கக்கெழமையே சேந்துட்டனுங்க. மத்த மூணு பேரும்தான். அங்க வந்தா, நாளைக்கு இன்னொரு சார் பிளேன்ல வந்து வேண்டாம்பாரு. எத்தன தடவைங்க மாறறது?"

பூங்கொடி சொன்னதில் தப்பில்லை. நாலு பேரின் சோற்றை நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி, நேரம் பார்த்த கைப்பேசியைக் காட்டித் தள்ளிவிட்டேன். இந்த ஊரில் செக்கிங் தெரிந்த பெண்ணுக்கு வேலை கிடைக்க ஒரு நாள் போதும் என்பதால் என் தப்பு சின்னதாகிவிடாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை மூன்று வீட்டுக் கதவுகளையும் கொட்டகை முற்றத்தில் வெயிலில் பரப்பினேன். பட்டை ஒட்டிய பிறகு பலகைக்குப் பெயரும் இல்லை ஊரும் இல்லை. எந்தக் கதவு எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு அடையாளமும் கிடையாது. இருந்த ஒரே அடையாளத்தை, அந்தச் சிறு தாளை, மேசையோடு சேர்த்து நான்தான் எடுக்கச் சொன்னேன். அளவுகள் மூன்று வீட்டுக்கும் பொதுவானவைதான். ஒரே நிறக் கதவுகளைப் பிரித்துவிட்டால் உடுமலைக்கு ஒரு வீட்டுக்கு வேண்டியது தேறிவிடும், குறைவதை அதே கட்டுப் பலகையில் அறுத்துக்கொள்ளலாம். பிரிப்பது யார்?

இரண்டு கதவுகளைக் கையில் தூக்கிக்கொண்டு பார்த்தேன். நிழலில் பார்த்தேன், வெயிலில் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். பிஜய் ஒரு கதவைச் சுட்டி இது மஞ்சள் என்றார், அரை மணி கழித்து அதையே காட்டினேன், இல்லை என்றார். நாச்சிமுத்து ஒரு கண்ணுக்குப் போன மாதம்தான் அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார். "ஒரு கண்ணுல ஒரு கலரு, இன்னொண்ணுல இன்னொரு கலரு தெரியுதுங்க. மொத்தமா வெச்சா ஷேடு இருக்குதுன்னு தெரியுது, ஒவ்வொண்ணாப் பிரிக்க வரலீங்க" என்றார்.

அப்புறம் நான் செய்தது என் பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் செய்யாதது. எல்லாக் கதவுகளையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அருள்புரம் போகச் சொன்னேன்.

அந்தக் கம்பெனியின் காவலாளி உள்ளே விடவில்லை. "டீ டைமுக்கு வெளிய வருவாங்க, அப்பப் பாத்துக்கங்க" என்றார். பதினோரு மணிக்கு மணியடித்தது. இங்கே டீ நேரம் என்றால் கம்பெனிக்குள் டீ வருவதில்லை, கம்பெனியே டீக்கடைக்கு வருகிறது. ஐந்து நிமிடம் முன்பு வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த சாலையில் ஆண்களும் பெண்களும் நிரம்பிவிட்டார்கள். பல கம்பெனி மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க, ஒவ்வொரு கடையிலும் எண்ணெயிலிருந்து போண்டாவும் வடையும் வந்தவண்ணம் இருந்தன. அந்தக் கூட்டத்தில் கையில் இரண்டு சமையலறைக் கதவுகளோடு நின்றேன். என்னை விலக்கிக்கொண்டு போனார்களே தவிர யாரும் என்னவென்று கேட்கவில்லை.

பூங்கொடி என்னைப் பார்த்துவிட்டார். நின்றார்.

"நான்தாங்க தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை.

"தெரியுமுங்க சார்" என்றார். "சித்த இருங்க. டீ குடிச்சுப்போட்டு வர்றன்."

குடித்தார். அவசரப்படாமல், ஒரு வடையையும் முடித்தார். எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீ பெரிய குவளை நிறைய வரும், இங்கே கொடுப்பது மூன்று மடக்குத்தான். அந்த மூன்று மடக்கும் அன்றைக்கு முடிவதாக இல்லை. பிறகு வந்து என் கையிலிருந்த இரண்டையும் பார்த்தார். தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வலது கைல இருக்கறது மஞ்ச."

ஆட்டோவைக் காட்டினேன். "எல்லாத்தையுமா கொண்டாந்துட்டீங்க?" என்றார். முதல்முறையாகச் சிரித்தார். கூட இருந்த பெண்களைக் கூப்பிட்டார். அவரோடு வேலை இழந்த மூவரும் வந்தார்கள், தெரியாத நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். செந்தில் ஒவ்வொரு கதவாக இறக்க, சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டே போனார்கள். "இது அதுல வைங்க." "இல்லக்கா, அது இதோடது." "கண்ணு தெரியலையா உனக்கு, நல்லாப் பாரு." ஒரு கதவுக்கு மட்டும் சண்டை வந்தது, பூங்கொடி அதை நிழலுக்குத் தள்ளிப் பார்த்து முடிவு சொன்னார். கையில் டீக் குவளையோடு ஒரு பெண் போகிறபோக்கில் ஒரு கதவைக் காலால் சுட்டி, "மாத்தி வெச்சிருக்கீங்க" என்றாள். மாற்றித்தான் வைத்திருந்தார்கள்.

நான் ஓரமாக நின்றேன். இரண்டு குவியல் வளர்ந்தது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே குவியல்தான்.

பாதி முடிந்தபோது மணி அடித்தது. எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் பூங்கொடியிடம், முதலாளியிடம் நான் எழுதிக்கொடுக்கிறேன், அந்த மேசை கட்டாயம் வேண்டும் என்று எழுதுகிறேன், இனி யாரும் எடுக்க முடியாது, வந்துவிடுங்கள் என்றேன்.

"தீவாளி வரைக்கும் வர்றன்னு இங்க சொல்லிப்போட்டனுங்க. சொன்ன சொல் மாற முடியாது."

"பிள்ளை?"

"பக்கத்து ஊட்டுல இருக்குது. நான் போறதுக்குள்ள தூங்கிப்போயிருதுங்க சார். தூக்கிட்டு வர்றன்." அவ்வளவுதான் சொன்னார். என்மேல் கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். வாசலுக்குள் நுழையும்போது திரும்பி, "மிச்சத்த நாளைக்குக் கொண்டாங்க. பதினொண்ணுக்குத்தான் டீ டைமு" என்றார்.

மறுநாள் பத்தரைக்கே போய் அந்த வாசலில் நின்றுவிட்டேன். முந்தின நாள் இருந்த காவலாளி இல்லை, வேறொருவர் இருந்தார். என்னையும் என் கையிலிருந்த பலகைகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைக்குங்களா?" என்றார். "செக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க."

"இல்லீங்க" என்றேன். "அந்த வேலைக்கு எனக்குக் கண்ணு பத்தாதுங்க."